குற்றவாளி கதை சொன்னால் காசு யாருக்கு? 'சன் ஆஃப் சாம்' சட்டமும் பாதிக்கப்பட்டவர்களின் உரிமையும்

2007 செப்டம்பரில் அமெரிக்கப் புத்தகக் கடைகளுக்கு ஒரு விசித்திரமான புத்தகம் வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் 'ஐ டிட் இட்', அதாவது 'நான்தான் செய்தேன்' என்று இருந்தது. உற்றுப் பார்த்தால் முதல் எழுத்தான 'ஐ'க்குள் பொடிப்பொடியாக இன்னொரு சொல் ஒளிந்திருப்பது தெரியும்: 'இஃப்'. அதையும் சேர்த்தால் 'நான் செய்திருந்தால்' என்று அர்த்தமே மாறிவிடும். கீழே துணைத்தலைப்பு, 'கொலையாளியின் வாக்குமூலம்'.

புத்தகம் பேசுவது முன்னாள் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே.சிம்ப்சனின் குரலில். ஆனால் அட்டையை அப்படி வடிவமைக்க வைத்தது, அந்தக் கொலையில் மகனைப் பறிகொடுத்த குடும்பம். விற்பனைப் பணம் போனதும் அந்தக் குடும்பத்துக்குத்தான்.

கொன்றதாகச் சொல்லப்பட்டவரின் கதை, கொல்லப்பட்டவரின் அப்பா கைக்கு எப்படிப் போனது? சீரியல் கில்லர் டாக்குமென்டரிகளை வார இறுதியில் ஒரே மூச்சில் பார்த்து முடிக்கும் காலம் இது. இதில் காசு யாருக்குப் போகிறது, யாருக்குப் போகக்கூடாது என்று சட்டம் ஏதாவது சொல்கிறதா?

தோற்ற வழக்கு, ஜெயித்த வழக்கு

1994 ஜூன் 12 இரவு, லாஸ் ஏஞ்சலிஸில் சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுனும், அவரது நண்பர் ரான் கோல்ட்மேனும் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். உலகமே டிவியில் பார்த்த அந்த விசாரணையின் முடிவில், 1995 அக்டோபர் 3 அன்று ஜூரி சிம்ப்சனை விடுதலை செய்தது. பலருக்கு ஞாபகத்தில் இருப்பது இதுவரைதான்.

குடும்பங்கள் அங்கே நிற்கவில்லை. அடுத்து சிவில் வழக்கு நடந்தது. கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் சாட்சியம் கனமாக இருக்கிறது என்று பார்த்தாலே போதும். 1997 பிப்ரவரியில் அந்த இரண்டு மரணங்களுக்கும் சிம்ப்சன்தான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. அவர் கொடுக்க வேண்டிய தொகை 3 கோடியே 35 லட்சம் டாலர்.

ஆனால் தீர்ப்பு வாங்குவது ஒன்று, காசு வாங்குவது வேறு. நம்ம ஊர் கோர்ட்டில் டிக்ரி வாங்கிவிட்டு அமீனாவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். சிம்ப்சனின் விளையாட்டுத் துறை பென்ஷனில் கைவைக்கக் கூட்டாட்சிச் சட்டம் விடவில்லை. அவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோனார். அங்கே ஒருவர் வசிக்கும் வீட்டைப் பழைய கடனுக்காகப் பறிக்க முடியாது. கோல்ட்மேன் குடும்பத்திடம் இருந்தது கிட்டத்தட்ட ஒரு காகிதம்தான்.

2006 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் குழுமத்தின் ரீகன்புக்ஸ், சிம்ப்சனின் புத்தகத்தை அறிவித்தது. 'நான் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பேன்' என்பதுதான் கான்செப்ட். நாடே கொதித்தது. எதிர்ப்புக் குரல்களில் முன்னால் நின்றவர் ரானின் அப்பா ஃப்ரெட் கோல்ட்மேன். ஒரே வாரத்தில் குழும உரிமையாளர் ரூபர்ட் மர்டாக் திட்டத்தைக் கைவிட்டார். அச்சான பிரதிகள் அழிக்கப்பட்டன.

இங்கேதான் ட்விஸ்ட். புத்தகத்துக்கான அட்வான்ஸ் ஏற்கெனவே கைமாறியிருந்தது. அது போனது சிம்ப்சன் பெயருக்கு அல்ல, அவருடைய பிள்ளைகள் பெயரில் இருந்த ஒரு கம்பெனிக்கு. கோல்ட்மேன் தரப்பு துரத்தியதும் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. மயாமி திவால் நீதிமன்ற நீதிபதி, அது மோசடிக்காகவே உருவாக்கப்பட்டது என்று சொல்லி, 2007இல் புத்தக உரிமையையே கோல்ட்மேன் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்தார். வருமானத்தில் 10 சதவீதம் நிக்கோல் பிரவுன் தரப்புக்கு என்று ஏற்பாடானது.

எந்தப் புத்தகம் வரவே கூடாது என்று போராடினாரோ, அதே புத்தகத்தை ஃப்ரெட் கோல்ட்மேன் இப்போது வெளியிட்டார். நிக்கோலின் அக்கா டெனிஸ் பிரவுன் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஒரே இரவில் ஒரே வாசலில் நடந்த இழப்பு, இரண்டு குடும்பங்களை இரண்டு பக்கமாக நிறுத்தியது. யார் சரி? வெளியிலிருந்து பார்க்கிறவர்களால் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை, முதல்முறையாகப் பாதிக்கப்பட்டவர் கையில் இருந்தது.

இந்த வழக்கில் 'சன் ஆஃப் சாம்' சட்டத்தால் எந்த உபயோகமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிரிமினல் கோர்ட் சிம்ப்சனைக் குற்றவாளி என்று சொல்லவே இல்லை. கோல்ட்மேன் குடும்பத்தைக் காப்பாற்றியது பழைய, சாதாரண சிவில் தீர்ப்பு.

சரி, யார் இந்த 'சாம்'?

1976 ஜூலை முதல் 1977 ஜூலை வரை நியூயார்க் நகரம் பயத்தில் இருந்தது. ஒருவர் .44 காலிபர் ரிவால்வருடன் இரவில் இளம் பெண்களையும், காரில் உட்கார்ந்திருந்த ஜோடிகளையும் சுட்டுக்கொண்டிருந்தார். 6 பேர் இறந்தார்கள். போலீஸுக்கும் பத்திரிகைக்கும் கடிதம் வேறு எழுதினார். கையெழுத்து, 'சன் ஆஃப் சாம்'. 1977 ஆகஸ்ட் 10 அன்று டேவிட் பெர்கோவிட்ஸ் பிடிபட்டார்.

அவர் கதைக்குப் பெரிய விலை கிடைக்கும் என்ற பேச்சு உடனே கிளம்பியது. சுடப்பட்டவர்கள் ஆஸ்பத்திரி பில் கட்டிக்கொண்டிருக்க, சுட்டவர் பணக்காரராவதா என்ற கோபத்தில் நியூயார்க் சட்டமன்றம் அதே வருடம் ஒரு சட்டம் போட்டது. குற்றவாளியின் கதைக்குப் பதிப்பகமோ சினிமா கம்பெனியோ காசு கொடுத்தால், அது குற்றவாளியிடம் போகாது. மாநிலத்தின் குற்றப் பாதிப்பு வாரியத்திடம் போய் 5 வருடம் தனிக் கணக்கில் இருக்கும். அதற்குள் பாதிக்கப்பட்டவர் சிவில் வழக்கு போட்டு ஜெயித்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பிற்பாடு பல மாநிலங்கள் இதைக் காப்பியடித்தன. வேடிக்கை என்னவென்றால், பெயர் கொடுத்த பெர்கோவிட்ஸ் மீதே இந்தச் சட்டம் பாயவில்லை. 1981இல் வந்த புத்தகத்தில் தனக்கு வர வேண்டிய ராயல்டியை அவரே முன்வந்து பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். இதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது.

'குட்ஃபெல்லாஸ்' கொண்டுவந்த சிக்கல்

மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'குட்ஃபெல்லாஸ்' பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு மூலம் நிக்கலஸ் பிலெஜி எழுதிய 'வைஸ்கை'. அதில் வருவது ஹென்றி ஹில் என்ற நிஜ மாஃபியா ஆளின் வாழ்க்கை. போலீஸ் பக்கம் சாய்ந்து சாட்சியாகி, பாதுகாப்பில் தலைமறைவாக வாழ்ந்துகொண்டே தன் கதையைச் சொன்னவர்.

1987இல் வாரியம் விழித்துக்கொண்டது. பதிப்பகமான சைமன் அண்ட் ஷூஸ்டர் ஹில்லின் ஏஜென்டுக்கு அதுவரை 96,250 டாலர் கொடுத்திருந்தது. இன்னும் 27,958 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாமே வாரியத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. பதிப்பகம் கோர்ட்டுக்குப் போனது.

1991 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. எட்டு நீதிபதிகள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: குற்றத்தின் பலனிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்குக் காசு வாங்கித் தருவது அரசின் மிக முக்கியமான கடமைதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் குற்றவாளியிடம் இருக்கும் வீடு, ஷேர், பேங்க் பணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவர் பேசியதற்கும் எழுதியதற்கும் வந்த காசை மட்டும் குறிவைப்பது ஏன்? அது பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்த்து வரி போடுவது மாதிரி.

இரண்டாவது பிரச்சினை இன்னும் சுவாரசியம். சட்டத்தின் வலை அளவுக்கு மீறி அகலமாக இருந்தது. தண்டனையே பெறாதவர்கூட, தான் ஒரு குற்றம் செய்ததாகப் புத்தகத்தில் போகிறபோக்கில் ஒப்புக்கொண்டால் மாட்டிக்கொள்வார். அப்படிப் பார்த்தால் மால்கம் எக்ஸின் சுயசரிதை, தோரோவின் 'சட்ட மறுப்பு', சின்ன வயதில் பேரிக்காய் திருடியதைச் சொன்ன புனித அகஸ்டின் என்று எல்லோரும் வருவார்கள் என்றது கோர்ட்.

பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தீர்ப்பு கசக்கும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜெயிலுக்குள் நடப்பது, போலீஸ் அடிப்பது, மாஃபியா இயங்குவது எல்லாம் வெளியே தெரிவது பெரும்பாலும் உள்ளே இருந்தவர்கள் பேசுவதால்தான். இதே காரணத்துக்காக கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும் 2002இல் தன் மாநிலச் சட்டத்தின் முக்கியப் பகுதியை ரத்து செய்தது. அந்த வழக்கைப் போட்டவர் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா ஜூனியர். 1963இல் தன்னைக் கடத்தியவர், அந்தக் கதையைப் பல வருடம் கழித்து சினிமாவுக்கு விற்றதுதான் பிரச்சினை. தோற்றது கடத்தப்பட்டவர்.

ரூட்டை மாற்றிய நியூயார்க்

கோர்ட் காட்டிய ஓட்டையையே நியூயார்க் வழியாக்கிக்கொண்டது. கதைக் காசை மட்டும் தொட்டால்தானே தப்பு? எல்லாக் காசையும் தொட்டால்?

2001 திருத்தத்தின்படி, தண்டனை பெற்றவருக்கு 10,000 டாலருக்கு மேல் எந்த வழியில் பணம் வந்தாலும், கொடுப்பவர் மாநில அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அலுவலகம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் கொடுக்கும். பணம் இருப்பது தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் அவர்கள் வழக்கு போடலாம். பழைய காலக்கெடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அதுவரை பணத்தை முடக்கி வைக்க அலுவலகமே கோர்ட்டை அணுகலாம்.

இதில் ஒரு பக்க விளைவும் உண்டு. வாரிசுச் சொத்து மட்டுமல்ல, சிறையில் காயப்பட்டு அரசிடமே நஷ்ட ஈடு வென்ற கைதியின் பணமும் இந்த வலைக்குள் வரும். பிரபல கொலையாளிகளுக்காகப் போட்ட சட்டம், பெயர் தெரியாத கைதிகள் மீதும் விழுகிறது.

இளம் தலைமுறைக்குத் தெரிந்த உதாரணம், அன்னா டெல்வி என்ற பெயரில் பணக்கார வாரிசாக நடித்து நியூயார்க்கை ஏமாற்றிய அன்னா சொரோகின். 2019இல் தண்டனை கிடைத்தது. அவர் கதைக்கு நெட்ஃப்ளிக்ஸ் 3,20,000 டாலர் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. மாநிலம் உடனே பணத்தை முடக்கியது. அதிலிருந்து 1,99,000 டாலர் வங்கிகளுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது, அபராதமும் கட்டப்பட்டது. சட்டம் வேலை செய்தது. என்ன, காசு திரும்பக் கிடைத்தது வங்கிகளுக்கு.

அப்போ நெட்ஃப்ளிக்ஸிடம் கேட்க முடியாதா?

முடியாது. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். இந்தச் சட்டங்கள் எல்லாமே குற்றவாளியின் பாக்கெட்டுக்குப் போகும் பணத்தைப் பற்றியவை. படம் எடுப்பவர், புத்தகம் எழுதும் பத்திரிகையாளர், பாட்காஸ்ட் நடத்துபவர் சம்பாதிப்பதை அவை தொடுவதில்லை.

2022இல் ஜெஃப்ரி டாமர் பற்றிய நெட்ஃப்ளிக்ஸ் தொடர் ஹிட் ஆனபோது, கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் சிலர் தங்களிடம் கேட்கவே இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். தொடரை உருவாக்கிய ரயன் மர்ஃபியோ, சுமார் 20 பேரைத் தொடர்புகொள்ள முயன்றும் பதில் வரவில்லை என்றார். டாமர் 1994இலேயே சிறையில் கொல்லப்பட்டுவிட்டார். அவருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. சட்டத்துக்கு இங்கே வேலையே இல்லை.

டாமர் வழக்கில் அதற்கு முன்பே நடந்த ஒன்று பலருக்குத் தெரியாது. அவரது பொருள்களை ஏலம் விட்டு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளக் குடும்பங்களுக்கு வழி கிடைத்திருந்தது. கொலையாளிகளின் பொருள்களை வாங்கிச் சேர்க்க அமெரிக்காவில் ஒரு கூட்டமே உண்டு. அந்த ஏலம் நடந்தால் ஊருக்கே அவமானம் என்று மில்வாக்கி நகரத்தார் 1996இல் 4 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். பணம் குடும்பங்களுக்குப் போனது. பொருள்கள் அழிக்கப்பட்டன.

நம்ம ஊரில்? ஆட்டோ சங்கர்

இந்தியாவில் 'சன் ஆஃப் சாம்' மாதிரி தனிச் சட்டம் கிடையாது. ஆனால் குற்றவாளியின் சுயசரிதை பற்றிய இந்தியாவின் மிக முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான்.

6 கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், 1991இல் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபடி சுமார் 300 பக்கம் சுயசரிதை எழுதினார். அதை வெளியிடப்போவதாக 1994 மே மாதம் 'நக்கீரன்' அறிவித்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுடன் சங்கருக்கு இருந்த தொடர்புகள் அதில் வருவதாகச் சொல்லப்பட்டது. சிறைத்துறை ஐ.ஜி. பதறிப்போய் வெளியிடக்கூடாது என்று கடிதம் அனுப்ப, பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது.

1994 அக்டோபர் 7 அன்று வந்த 'ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு' தீர்ப்பு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை. அவதூறு என்றால் வெளிவந்த பிறகு வழக்கு போட்டுக்கொள்ளலாம். நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் இருப்பதை யார் சம்மதமும் இல்லாமல் எழுதலாம். ஒரே விதிவிலக்கு: பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அப்படி அம்பலப்படுத்தக்கூடாது.

வழக்கு நடந்தது பத்திரிகைக்கும் அரசுக்கும் இடையில். கொல்லப்பட்ட அந்த 6 பேரின் குடும்பங்களுக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா என்ற கேள்வி எழவே இல்லை. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். 2019இல் அவர் கதை ஜீ5இல் வெப் சீரிஸாகவும் வந்தது.

இறந்தவரின் குடும்பத்துக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. அந்தரங்க உரிமை ஒருவரோடு முடிந்துவிடும், வாரிசுக்கு வராது என்று 'தலைவி' பட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2023இல் அதையே சொன்னது. அப்படியானால் கொலையானவரின் வாழ்க்கையைத் திரையில் எப்படிக் காட்டினாலும், 'அது அவர் அந்தரங்கம்' என்று பெற்றோர் வாதாடுவது கஷ்டம்.

அதே சுதந்திரம் சிலநேரம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கைகொடுக்கிறது. டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் இரண்டு பிள்ளைகளை இழந்த பெற்றோர் எழுதிய புத்தகம் 'ட்ரையல் பை ஃபயர்' தொடரானது. அதற்குத் தடை கேட்டு 2023 ஜனவரியில் கோர்ட்டுக்குப் போனவர் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட சுஷில் அன்சல். கோர்ட் மறுத்துவிட்டது.

இங்கே என்ன செய்யலாம்?

குற்றவாளி பேட்டிக்கோ புத்தகத்துக்கோ காசு வாங்குகிறார் என்று தெரிந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்று இருக்கும் வழிகள் மூன்று மாதிரி.

முதலாவது, பி.என்.எஸ்.எஸ். 395, 396 பிரிவுகள். தண்டிக்கும்போதே இழப்பீடு கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும். அரசின் இழப்பீட்டு நிதியிலிருந்தும் கேட்கலாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இது கிடைக்கும். ஆனால் இது அரசு கொடுக்கும் காசு. குற்றவாளியின் ராயல்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த அதே பி.என்.எஸ்.எஸ்.ஸின் 107வது பிரிவு. குற்றத்தால் வந்த சொத்தை முடக்கி, மாவட்ட ஆட்சியர் மூலம் 60 நாளில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க இது வழிசெய்கிறது. சட்டத்தின் வார்த்தை, குற்றச் செயலால் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' வந்த சொத்து. கொலை செய்ததால் கிடைத்த புகழ், புகழால் கிடைத்த புத்தக அட்வான்ஸ் இந்த 'மறைமுக'த்துக்குள் வருமா? வரும் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் ராயல்டி, பேட்டிக் கட்டணம் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதினால், 1991இல் அமெரிக்கக் கோர்ட் கேட்ட அதே கேள்வி இங்கே அரசியல் சட்டத்தின் 19வது பிரிவை வைத்துக் கேட்கப்படும்.

மூன்றாவது, கோல்ட்மேன் குடும்பம் போன ரூட். சிவில் வழக்கு போட்டு டிக்ரி வாங்கிவிட்டால், பதிப்பகம் குற்றவாளிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையே ஜப்தி செய்யச் சொல்லலாம். 1855ஆம் வருட மரண விபத்துகள் சட்டம் என்ற பழைய சட்டம், ஒருவரின் தவறான செயலால் இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்காக இழப்பீடு கேட்க இன்றும் அனுமதிக்கிறது. வேண்டுமென்றே கொன்றாலும் பொருந்தும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். காலக்கெடு, மரணம் நடந்த நாளிலிருந்து 2 வருடம். பெரும்பாலான கொலை வழக்குகளில் அதற்குள் செஷன்ஸ் கோர்ட் விசாரணையே முடிந்திருக்காது. குற்றவாளி புத்தகம் எழுதுவதோ, அவரைத் தேடி ஓடிடி கம்பெனி வருவதோ 10, 15 வருடம் கழித்துத்தான். பணத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கடிகாரத்தை மறுபடி ஓடவிடும் நியூயார்க் மாதிரியான விதி இங்கே இல்லை. அதனால் அந்த 2 வருடத்துக்குள் ஒரு வக்கீலைப் பார்த்து சிவில் வழக்கையும் போட்டு வைப்பதுதான், இப்போதைக்குக் குடும்பங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி.

சிம்ப்சன் 2024 ஏப்ரல் 10 அன்று இறந்தார். அவரது சொத்துகளை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட வக்கீல், கோல்ட்மேன் குடும்பத்துக்கு ஒரு காசுகூடப் போகக்கூடாது என்று முதலில் சொன்னார். சில நாளில் அந்தப் பேச்சை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.